ஆடித் தண்ணி, ஐப்பசித் தண்ணி

"நாளைக்குத் தொண்ணூத்தாறு வருது. அந்தக் கருமாந்திரத்துல காலைக்கூட நனைக்காதீங்க. நாளன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு. போர்வை, ஜமக்காளமெல்லாம் அன்னிக்குத் தொவைச்சுக்கலாம்."

ஐந்தே முக்கால் டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த சரஸ்வதியக்கா பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னது, பின்சீட்டில் இருந்த ரேணுகாதேவியின் காதில் விழுந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "நீராணி மதகைத் தொறந்து நாசம் பண்றதுக்கு முந்துன தண்ணியல்லோ அது. எளநீ மாதிரி இருக்கும் பாரு" என்று அக்கா சேர்த்துக்கொண்டாள். ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆற்று வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகைத் திறந்து மூடுகிறவருக்கு அந்தப் பக்கம் நீராணி என்று பேர். நொச்சிக்காட்டுப்புதூருக்குக் கடைசியாக இருந்த நீராணி ஆறுச்சாமி. ஆறுச்சாமியின் ஒரே மகள் ரேணுகா.

அவள் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து டவுனில் தண்ணீர் பரிசோதிக்கிற லேப் ஒன்றில் வேலை செய்தாள். பையில் டிபன் டப்பாவோடு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டரும் எப்போதும் இருக்கும். ஆயிரம் தண்ணீரை அளந்தவள்தான், ஆனால் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். அன்றைக்கும் அப்படித்தான் நடந்து வந்தாள், வழியில் குளத்தங்கரையில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் அன்றைய தண்ணீரில் அரை லிட்டர் பிடித்துக்கொண்டாள்.

அன்றைய தண்ணீர் என்று சொன்னால் அந்த ஊரில் எல்லோருக்கும் விளங்கும். மாசிக் கடைசியில் நொச்சிக்குளம் வற்றி, படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, தூர் வாருவதற்கு டேனியல் என்கிற டிரைவரோடு ஒரு பொக்லைன் வந்தது. மதகுக்கு முன்னால் ஒரு கபடி மைதான அளவுக்கு டேனியல் மண்ணை வழித்தார். முட்டைக்கோஸ் இலை உரிகிற மாதிரி படுகை ஒரு விரல் கனத்துக்கு உரிந்து வந்தது, அதற்குக் கீழே வண்டியின் பல் இறங்க மறுத்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் வண்டியைக் கரையில் ஏற்றி நிறுத்தினார். மறுநாள் விடிந்தபோது, மழை இல்லாமல், ஊற்று இல்லாமல், வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லாமல், வழித்த குழியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பகலெல்லாம் நின்றது, பொழுது சாயும்போது போய்விட்டது. டேனியல் ஈரம் காய்வதற்குள் இன்னொரு விரல் கனத்தை வழித்தார். மறுநாள் வேறொரு தண்ணீர் வந்தது, வேறு நிறத்தில், வேறு வாசத்தில்.

ஐந்தாம் நாளுக்குள் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு படலம் மண்ணை உரித்தால், அந்த மண்ணைக் கொண்டுவந்து போட்ட தண்ணீர் மறுநாள் தன் இடத்தைப் பார்க்க வரும், விடியலில் வந்து பொழுது சாயப் போய்விடும், ஒருமுறை வந்தது மறுபடி வராது. ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் எதற்கு வந்தீர்கள் என்றா கேட்பார்கள்? எப்போது வரும், எத்தனை நேரம் இருக்கும், என்ன செய்து வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பால் சொசைட்டிக் கரும்பலகை வசதியாக இருந்தது. சொசைட்டிச் செயலாளர் நடராசு குளத்துப் பாசனச் சங்கத்துக்கும் தலைவர். பாலின் கொழுப்பு அளவை எழுதுகிற பலகையின் மேல் மூலையில் அவர் முதல் நாள் "இன்று: 2018" என்று எழுதினார், மறுநாள் "இன்று: 2017", அதற்கு மறுநாள் "இன்று: 2016". நாளுக்கு ஒரு வருசம், எளிய கணக்கு. பால் ஊற்ற வந்தவர்கள் பலகையைப் பார்த்து அன்றைய வேலையை முடிவு செய்தார்கள். டவுனில் சாயப்பட்டறைகள் ஏற்றுமதிப் பனியனுக்கு என்ன சாயம் போட்டார்களோ அந்தச் சாயத்தில் அந்த வருசத்துத் தண்ணீர் வந்தது, ஆகவே மெரூன் வந்த நாளில் ஊர் முழுக்க "ஆமா, அந்த வருசம் எங்க திரும்புனாலும் மெரூன் பனியன்" என்று சொன்னது, ராமர் பச்சை வந்த நாளில் "இதேதான், என்ற தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லாருமே ராமர் பச்சையல்லோ" என்று சொன்னது. பலகை எந்த வருசம் சொன்னதோ அந்த வருசம் எல்லோருக்கும் நினைவு வந்தது. மாட்டு டாக்டர் 1995 வரும்வரை மாடுகளைக் குளத்தில் இறக்க வேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டினார். மீன்காரர் ஒருவர் 1988-க்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். மேற்கு வளவில் ஒரு மாமியார், மருமகள் வந்த வருசத்துத் தண்ணீரைக் கரையில் நின்று பார்த்து, "நீதானா அது" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

எல்லோரும் ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்கள். 1996-ம் வருசம் ஐப்பசியில் ஆறுச்சாமி வாய்க்கால் மதகைத் திறந்தார், மூன்றாம் நாள் குளத்து மீனெல்லாம் செத்து மல்லாந்து மிதந்தது, தை மாதத்தில் மஞ்சள் வயல்கள் வெந்துபோயின, அதற்குப் பிறகு நொச்சிக்குளத்தில் நல்ல தண்ணீர் நிற்கவே இல்லை. இது ஊர்க் கதை. பட்டறைக்காரர்களோடு பேசி வைத்துக்கொண்டுதான் நீராணி திறந்தார் என்பது ஊர்க் கதையின் வால். அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் ஆறுச்சாமி சொன்னது வேறு. "தண்ணி ஆடியிலேயே கெட்டுப்போச்சுங். நான் ஐப்பசியில தொறந்தது மழைத்தண்ணியை உட்டு அதைக் கழுவறதுக்கு. ஆடியில நான் ஊர்லயே இல்லீங், ஆஸ்பத்திரியில இருந்தனுங். வந்து பாத்தப்ப மதகுப் பூட்டு ஒடைஞ்சு கெடந்துச்சு." சாட்சி யார் என்று கேட்டார்கள். சாட்சி என்றால், பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் அவரை உட்கார வைத்திருந்த பிரசவம்தான் சாட்சி. பிறந்த குழந்தையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அந்தக் குழந்தைதான் ரேணுகா.

நீராணி வேலை போயிற்று. குளத்துக்குப் புதுத் தண்ணீர் வந்தால் முதலில் நனைய வேண்டியது நீராணியின் துண்டு. அவர் இறங்கித் துண்டை முக்கி, பிழியாமல் தலையில் கட்டிக்கொண்டால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். அதுவும் போயிற்று. மதகை மூட ஆளில்லாமல் அது வருசம் முழுக்கத் திறந்தே கிடந்தது. ஆறுச்சாமி ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குக் காவல் வேலைக்குப் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

இருபத்துமூன்றாம் நாள், பலகையில் 1996. வந்த தண்ணீர் சாதுவாக, இளஞ்சாம்பல் நிறத்தில் நின்றதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருபத்துநாலாம் நாள் விடிவதற்கு முன்னே கரை நிறைந்துவிட்டது. போர்வை மூட்டைகள், ஜமக்காளங்கள், ஒரு கூறைப்புடவை, கோயில் குடையின் துணி, வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுடைய குழந்தைகள். வெளிச்சம் வந்தது. தண்ணீர் எழுதுகிற மைபோலக் கறுப்பாக நின்றது.

அவிழ்த்த மூட்டைகளை மறுபடி கட்டினார்கள்.

"தொண்ணூத்தஞ்சுலயேவா?" என்றார் ஒருவர்.

"அப்பொ ஒரு வருசம் முன்னாலயே தொறந்து உட்டிருக்கறாப்ல."

"ரகசியமா."

நாள் போகப் போக, வருசம் பின்னே போகப் போக, ஆறுச்சாமியின் குற்றமும் பின்னே போய்க்கொண்டிருந்தது. 1994 கெட்டிருந்தது, 1993 கெட்டிருந்தது, 1991 கெட்டிருந்தது. இருபத்தொன்பதாம் நாள் பலகையில் 1990 என்று எழுதினார்கள். அது ஆறுச்சாமி நீராணியாகப் பொறுப்பெடுத்த வருசம். அன்று காலை அவர்கள் வீட்டுச் சுவரில் குளத்துச் சேற்றால் யாரோ 1990 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆறுச்சாமி அதை ஈரத் துணியால் துடைத்தார், ஒன்பது மட்டும் போகவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

ரேணுகா லேபுக்கு லீவு சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனாள். குழியின் ஆழம் இரண்டடியை நெருங்கியிருந்தது. இரண்டடிக்குத்தான் அனுமதி, இன்னும் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நடராசு டேனியலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இனி என்னத்தத் தோண்டறது. தோண்டத் தோண்ட அவரு பண்ணுன வேலைதான் வருது." அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "என்ன அம்மிணி, லீவா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

ஓரத்தில் சரஸ்வதியக்கா சாக்கு துவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீர் ஆசை போய், வருகிற தண்ணீரில் நடக்கிற வேலையைப் பார்க்கலாம் என்று இறங்கியிருந்தாள்.

"இந்தத் தண்ணிக்கு மூளை கொழம்பிப் போச்சு," என்று அவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "நேத்து ஒரு சோப்பு கரைஞ்சும் நுரை கட்டல. இன்னிக்குப் பாரு, பொங்குது. முந்தாநேத்தும் பொங்குச்சு. நாள் உட்டு நாள் முருகனுக்கு வெரதம் இருக்குதாட்ட இருக்குது."

ரேணுகா அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தாள். சமையல்கட்டு மேல்தட்டில் இருபத்தெட்டு பாட்டில்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டிய சீட்டில் உப்பு எண். ஆயிரத்து நூறு, நாலாயிரத்து முந்நூறு, ஆயிரத்து இருநூறு, நாலாயிரத்து அறுநூறு. அந்த எண்களை அவள் தினமும் எழுதியிருக்கிறாள், வரிசையாக ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தன. பொழுது சாய்ந்து தண்ணீர் போனதும் அவள் திரும்பக் குளத்துக்குப் போய், குழியின் செங்குத்தான பக்கச் சுவரைத் துடைப்பத்தால் மெதுவாகத் தட்டிச் சுத்தம் செய்து, கன்னத்தை மண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். வெளிறிய ஒரு விரல், கறுத்த ஒரு விரல், வெளிறிய ஒரு விரல், கறுத்த ஒரு விரல். வெளிறியதை விரலால் நெருடினால் மணல். கறுத்ததை நெருடினால் வெண்ணெய், அதில் புளிய இலைகள் முழுசாகப் படிந்திருந்தன.

குளத்துக்கு வருசத்துக்கு இரண்டு தண்ணீர். ஆடியில் மேற்கு மலையில் பெய்கிற மழை ஆற்றோடு வந்து, டவுனைத் தாண்டி, அத்தனை பட்டறைகளையும் தாண்டி, மணலையும் உப்பையும் சுமந்துகொண்டு வாய்க்காலில் நுழையும். ஐப்பசியில் சொந்த வானத்திலிருந்து சொந்தக் காட்டில் பெய்கிற மழை, வயல் வண்டலையும் புளிய இலையையும் கூட்டிக்கொண்டு வரும், அதில் சோப்பு நுரைக்கும். இது அந்த ஊரில் மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விதைப்பது, நடுவது, கல்யாணம் வைப்பது எல்லாம் இந்த இரண்டு தண்ணீரை வைத்துத்தான். பலகையில் எழுதும்போது மட்டும் காலண்டர் கடைக்காரர்போல வருசத்துக்கு ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். இருபத்தொன்பது நாளில் போயிருப்பது இருபத்தொன்பது வருசம் இல்லை, பதினாலரை.

சுவரில், அவள் காலடிக்குக் கொஞ்சம் மேலே, அன்றைய படலத்தில், நீல நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டு இருந்தது. இழுத்தாள். ஷாம்பூ பாக்கெட். எச்சில் தொட்டுத் துடைத்தபோது தேதி தெரிந்தது: ஏப்ரல் 2004.

இரவு மில்லிலிருந்து வந்த அப்பாவிடம் சொன்னாள். அவரிடம் பேசும்போது மட்டும் அவளுக்குக் கூச்சம் கிடையாது. இன்று வந்தது 2004 ஐப்பசி, நாளைக்கு 2004 ஆடி, அப்பா திறந்த தண்ணீர் இன்னும் வரவே இல்லை, அது வர பதினாறு நாள், அதற்கும் மறுநாள் அந்த வருசத்து ஆடி. ஆடித் தண்ணீர் முன்னாலேயே கெட்டிருந்தால் உப்பு எண்ணே சொல்லிவிடும். ஆறுச்சாமி காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சுட்டு என்ன பண்றது அம்மிணி?"

"எழுதோணும்ப்பா."

"எங்க?"

"போர்டுலதான்."

அவர் சிரித்துவிட்டார். "பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராது உனக்கு."

"எழுதறதுக்கு வாய் எதுக்குப்பா?"

மறுநாள் பால் வண்டி வருவதற்கு முன்னே அவள் சொசைட்டிக்குப் போய், 1989 என்று நடராசு எழுதி வைத்திருந்ததை அழித்து, தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினாள். இன்று: 2004 ஆடி. சோப்பு நுரைக்காது. நாளை: 2003 ஐப்பசி. நுரைக்கும். குளத்துக்கு வருசத்துக்கு இரண்டு தண்ணி. நல்ல தண்ணி வர இன்னும் பதினேழு நாள். ஷாம்பூ பாக்கெட்டைப் பலகையின் ஆணியில் குத்தி வைத்தாள்.

நடராசு கேனோடு வந்து, படித்து, மறுபடி படித்தார். "இதென்ன அம்மிணி, ஊரே எண்ணுன கணக்கு தப்பா?"

ரேணுகா சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பாக்கெட்டை எவன் வேணும்னாலும் சொருகலாம்."

"சோப்பு யாரும் சொருக முடியாதுங்," என்றாள் அவள், சாக்பீஸிடம்.

பால் ஊற்ற வந்த பெண்கள் கேனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு சோப்பு எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். நுரைக்கவில்லை. மறுநாள் இறங்கினார்கள், முழங்கை வரை நுரை. மூன்றாம் நாள் நுரைக்கவில்லை. நாலாம் நாள் சரஸ்வதியக்கா நுரையைக் கை நிறைய அள்ளிக்கொண்டு கரையேறி, நடராசுவின் சட்டைப் பையில் வைத்தாள். "கணக்கை மாத்திக்கோ தம்பி. இதுக்கு மேல என்னத்த வேணும்?"

"ரெண்டடிக்கு மேல தோண்டுனா கேள்வி வருங்க்கா."

"அளவுகோலை என்ற வீட்டுப் பரண்ல போட்டு வெச்சுக்கறேன். வந்து கேட்டா காணோமுன்னு சொல்லு."

டேனியல் வண்டியைக் கிளப்பினார். அதற்குப் பிறகு பலகையில் ரேணுகாதான் எழுதினாள். ஊரும் நினைவை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டது. "மெரூன் பனியன் அப்பவே எனக்கு ஒரு சந்தேகம், அது பின்னால வந்ததல்லோ" என்று அதே வாய்கள் சொல்லின, தங்கச்சி கல்யாணமே நாலு வருசம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டு டாக்டர் தன் தாளைத் திருத்தினார். மீன்காரர் வலையை மூட்டை கட்டி, நல்ல தண்ணி வந்தால் சொல்லி அனுப்பு தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி, ஐப்பசி, ஆடி, ஐப்பசி என்று தண்ணீர் சொல்லி வைத்த மாதிரி வந்து போயிற்று. நாள் நெருங்க நெருங்க அவளைப் பார்த்து ஊர் பேச்சைக் குறைத்தது. ஆறுச்சாமி தப்பு செய்தாரா இல்லையா என்பது இப்போது யாருடைய வாயிலும் இல்லை, மண்ணில் இரண்டு விரல் கனத்தில் இருந்தது.

நாற்பத்தைந்தாம் நாள். 1996 ஐப்பசி. சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது, அதன் மேல் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தன, ஆயிரக்கணக்கில், அன்றைக்கு மிதந்தபடியே. கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"நம்ம சொன்னதுதான் வந்துருக்குது," என்றார் நடராசு, மெதுவாகத்தான்.

ரேணுகா மீனை ஒதுக்கிவிட்டு மீட்டரை விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம். பலகையில் போய் அந்த எண்ணை எழுதினாள், அதன் கீழே "நாளை: ஆடி" என்று எழுதினாள், வேறெதுவும் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஆறுச்சாமி, "நாளைக்கு நீ போகாதே அம்மிணி," என்றார்.

"ஏம்ப்பா, தப்பா வந்துருமா?"

"சரியாத்தான் வரும். அதுக்குத்தான் சொல்றேன்." அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "தெரியாம இருக்கறதுல அவங்களுக்கு ஒரு நிம்மதி. எதுக்கு அதைப் போட்டுக் கலக்கறே."

"உங்களுக்கு நிம்மதி வேண்டாமாப்பா?"

அவர் கொடியில் துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். அவள் போனாள்.

நாற்பத்தாறாம் நாள் தண்ணீர் மையாக வந்தது. ஓரங்களில் கருநீலம், நடுவில் கறுப்பு, ஒரு பட்டறைத் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி. மீட்டர் ஐயாயிரத்து இருநூறு காட்டியது. ரேணுகா எண்ணைச் சொல்ல வாயெடுத்தாள், அதைக் கேட்க யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தண்ணீரின் மேல், சின்னச் சின்ன மண்சட்டிகளில், கொத்துக் கொத்தாக முளைப்பாரி மிதந்துகொண்டிருந்தது. ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் இருட்டறையில் வைத்து வளர்த்துக் குளத்தில் விடுகிற நவதானிய முளை. வெளிறிய மஞ்சள் தண்டுகள், வேர்கள் மட்டும் சாயம் ஏறி நீலமாக.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒருவரும் மறைத்து வைத்திருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து மறந்திருந்தார்கள், இப்போது எல்லோருக்கும் சேர்ந்து நினைவு வந்தது. அந்த ஆடியில் நீராணி ஊரில் இல்லை, குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, முளைப்பாரி விட வழியில்லை. ஆற்றில் அன்றுதான் முதல் தண்ணீர் வந்திருந்தது. நீராணி என்றால் முதல் மூன்று நாள் தண்ணீரை ஆற்றோடு போகவிட்டு, நாலாம் நாள் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத்தான் திறப்பார். அத்தனை நாள் பதினெட்டு காத்திருக்குமா? பூட்டை உடைத்தார்கள். கறுப்பாக நுரையோடு வந்ததைப் பார்த்து, புதுத் தண்ணி கலங்கலாத்தான் வரும் என்று சொல்லிக் குலவையிட்டு முளைப்பாரியை விட்டார்கள். ஐப்பசி மழையோடு வந்த மீன்களும் அந்தக் கறுப்பு படிந்த குளத்தில்தான் செத்தன.

ஒரு சட்டி ஒதுங்கி ஒதுங்கி வந்து சரஸ்வதியக்காவின் காலடியில் முட்டியது. மற்றதிலெல்லாம் ஒன்பது தானியம். அதில் கொள்ளு மட்டும்தான் முளைத்திருந்தது. அந்த வருசம் வீட்டில் வேறு தானியம் இல்லாமல் கொள்ளு மட்டும் போட்டு வளர்த்ததற்கு, "குதிரைக்கா நோம்பி கும்படறே" என்று அவளை ஊரே கேலி செய்திருந்தது.

நடராசு பலகைக்குப் போகவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பொழுது சாயும்வரை முளைப்பாரி மிதந்தது.

நாற்பத்தேழாம் நாள், 1995 ஐப்பசி. தண்ணீர் நின்றதே தெரியவில்லை, அடி மண்ணின் வரி தெரிந்தது, ஆகாசம் தெரிந்தது, உயிருள்ள கெண்டைக் குஞ்சுகள் நிழலோடு ஓடின. போர்வை மூட்டைகளோடு ஊர் முழுக்கக் கரையில் நின்றது. மாடுகள் கயிற்றை இழுத்தன. யாரும் இறங்கவில்லை.

"துண்டு நனையாம எப்படி எறங்கறது," என்றார் நடராசு.

அன்றைக்கு ஆறுச்சாமிக்கு வார லீவு. வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரேணுகா உள்ளே பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். படல் திறக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா."

"வா சரசு. காப்பி குடிக்கறயா?"

"தண்ணி வந்துருக்குதுங்ண்ணா. ஆரும் எறங்காம நிக்கறாங்க."

"எறங்கச் சொல்லு. நல்ல தண்ணி. பொழுது சாஞ்சா போயிரும்."

"துண்டு நனையோணுமல்லோ."

"நான் அந்த வேலையை உட்டு இருவத்திமூணு வருசமாச்சு சரசு."

சரஸ்வதியக்கா நின்றாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். "அந்தப் பூட்டை ஒடைச்ச கல்லு என்ற கையிலதான் இருந்துச்சுங்ண்ணா."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"மதகுக் கம்பியில கொள்ளு மொளை சிக்கியிருந்துச்சு," என்றார் ஆறுச்சாமி. "நாந்தான் பிரிச்சு எடுத்தேன்."

செயினைச் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்தார், உதறினார், நாலாக மடித்தார், மறுபடி பிரித்து இன்னும் நேராக மடித்தார். உள்ளே வந்து மகளின் ஈரக்கையில் வைத்தார்.

"போயிட்டு வா அம்மிணி. தலையில கட்டறப்பப் பிழியாதே."

ரேணுகா சரஸ்வதியக்காவுக்கு முன்னால் நடந்தாள். கரையில் கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் சரிவில் இறங்கினாள், முழங்கால் ஆழத்துக்குப் போய், குனிந்து துண்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டத் தலையில் கட்டிக்கொண்டாள்.